நனைந்து உலரும் வீடுகள்

மணற்கல் தண்ணீரைக் குடிக்கும். உலர்ந்த துண்டு ஒன்றின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள்; சில நொடிகளில் அது உள்ளே இறங்கி, மேலே கறை மட்டும்தான் மிஞ்சும். கல்லுக்குள் மணல்துகள்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். கட்டடத்துக்குப் பயன்படும் பல மணற்கற்களில் கன அளவின் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் வெற்றிடம்தான்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோ மழைக்குப் பேர்போனது. அட்லாண்டிக் கடலிலிருந்து வீசும் தென்மேற்குக் காற்று, மழையைச் செங்குத்தாக விழவிடாமல் சாரலாகச் சுவரில் அறையும். அப்படிப்பட்ட பூமியில், நீரை உறிஞ்சும் கல்லை, நீரை உறிஞ்சும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, விக்டோரியா மகாராணியின் காலத்தில் (1837–1901) ஊர் ஊராக வீடு கட்டினார்கள். அவற்றில் ஏராளமானவை இன்றும் நிற்கின்றன, ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் சுவர் நனையும் என்று ஒப்புக்கொண்டே வேலையைத் தொடங்கினார்கள். நனைந்தது எப்படி உலரும், கெட்டுப்போனால் எது முதலில் கெட வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் வீட்டின் ஒவ்வொரு பாகத்திலும் விடை வைத்திருந்தார்கள். கிளாஸ்கோ நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், கிளைட் கழிமுகத்தின் வடகரையில் இருக்கும் ஹெலன்ஸ்பரோ என்ற சிற்றூர் இதைப் படிக்க நல்ல இடம். அந்த விடைகளைப் பின்பற்றிய வீடுகளும் அங்கே உண்டு, அவற்றை உதறிய புகழ்பெற்ற வீடு ஒன்றும் உண்டு.

ரயில் வளர்த்த ஊர்

1776இல் ஜேம்ஸ் கஹூன் என்ற நிலப்பிரபு, கடலோரத்தில் இருந்த தன் நிலத்தை மனைகளாகப் பிரித்துத் தருவதாக விளம்பரம் செய்தார். மனைவி ஹெலனின் பெயரையே ஊருக்கு வைத்தார். கடற்கரைக்கு இணையாகச் சில தெருக்கள், அவற்றைச் செங்குத்தாக வெட்டி மேட்டில் ஏறும் சில தெருக்கள் என்று சதுரங்கக் கட்டம் போன்ற அமைப்பு. 1812இல் ஹென்றி பெல் என்பவர் ‘காமெட்’ என்ற நீராவிப் படகைக் கிளைட் ஆற்றில் ஓடவிட்டதற்கு ஒரு காரணம், ஹெலன்ஸ்பரோவில் அவர் நடத்திய விடுதிக்குக் கிளாஸ்கோவிலிருந்து ஆள் வர வேண்டும் என்பதுதான்.

ஊரின் தலையெழுத்தை மாற்றியது 1858இல் வந்த ரயில். அப்போது கிளாஸ்கோ இரும்பாலும் பருத்தியாலும் கப்பலாலும் கொழுத்துக்கொண்டிருந்தது. கூடவே கரிப்புகையில் மூச்சுத் திணறிக்கொண்டும் இருந்தது. பணம் சேர்த்தவர்கள், காலையில் ரயிலேறி அலுவலகம் போய் மாலையில் கடற்காற்றுக்குத் திரும்ப முடியும் என்று கண்டதும், மேட்டுத் தெருக்களில் தோட்டத்தோடு கூடிய பெரிய வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். கிளாஸ்கோவின் மாவு வியாபாரியும் பிற்பாடு அந்நகரின் தலைவராக இருந்தவருமான ஜான் யூருக்காக 1871இல் எழுந்த கேர்ன்டூ மாளிகை அவற்றில் ஒன்று. அதை வடிவமைத்த வில்லியம் லைப்பர் அதே ஆண்டில் தனக்கும் இந்த ஊரில் ஒரு வீடு கட்டிக்கொண்டு, சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளுக்குக் கட்டடக் கலைஞராக இருந்தார்.

மனை வாங்குவது முழு விற்பனை கிடையாது. வாங்கியவர் ஆண்டுதோறும் நிலப்பிரபுவுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். என்ன கட்டலாம், என்ன கட்டக் கூடாது என்ற நிபந்தனைகளும் பத்திரத்தில் இருக்கும். ஸ்காட்லாந்தின் பல ஊர்களில் ஒரே சீரான கல்தெருக்கள் அமைந்ததற்கு இந்த முறையும் ஒரு காரணம். 2004 நவம்பரில்தான் இது சட்டப்படி ஒழிந்தது.

வீடுகளின் வெளித்தோற்றம் பலவிதம். பழைய ஸ்காட்டிஷ் கோட்டைகளைப் பார்த்து மூலைக் கோபுரமும் படிப்படியாக இறங்கும் முக்கோணச் சுவரும் வைத்தவை உண்டு. கிரேக்கக் கோயில் சாயலில் தூண் நிறுத்தியவையும் உண்டு. மேலே போர்த்திய உடுப்புகள்தான் வேறு. உடம்பு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

சுவருக்குள் இருப்பது

ஸ்காட்லாந்தைக் குறுக்காக வெட்டும் ‘ஹைலேண்ட் எல்லைப் பிளவு’ என்ற நிலவியல் பிளவு, கிழக்கே ஸ்டோன்ஹேவனிலிருந்து மேற்கே ஹெலன்ஸ்பரோ வழியாக ஆரன் தீவு வரை ஓடுகிறது. பிளவுக்கு வடக்கே அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறிய கடினப் பாறைகள். தெற்கே படிவுப் பாறைகளான மணற்கற்கள். ஆக, சுவருக்கு மணற்கல்லும் கூரைக்குச் சிலேட்டுக் கல்லும் இந்த வட்டாரத்திலேயே கிடைத்தன.

கிளாஸ்கோ பக்கத்து வெளிர்மஞ்சள் மணற்கல் 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆற்றுப் படுகைகளில் படிந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் பாதைகள் பெருகியபின், தெற்கே டம்ஃப்ரீஸ், ஏர்ஷயர் பகுதிகளிலிருந்து செங்கல்நிற மணற்கல் வந்து இறங்கியது. அது பெர்மியன் காலத்துப் பாலைவன மணல்மேடுகள் இறுகியதால் உண்டான கல். மணல்துகள்களைப் பூசியிருக்கும் இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். கிளாஸ்கோவின் கெல்வின்குரோவ் அருங்காட்சியகம் லோகர்பிரிக்ஸ் சுரங்கத்தின் இந்தச் சிவப்புக் கல்லில் எழுந்ததுதான்.

இரண்டுமே அடுக்கடுக்காகப் படிந்தவை. எனவே பூமிக்குள் எந்தப் பக்கம் மேலாகக் கிடந்ததோ, சுவரிலும் அடுக்குகள் அப்படியே படுக்கைவாக்கில் இருக்குமாறு கல்லை வைக்க வேண்டும். மேலிருக்கும் சுமை அடுக்குகளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அவசரத்திலோ அழகுக்காகவோ கல்லை நிமிர்த்தி வைத்துவிட்டால், உறைபனியும் உப்பும் சேர்ந்து முகப்பை ஏடு ஏடாக உரித்துவிடும். ஒரே சுவரில் பக்கத்துக் கற்கள் முழுசாக இருக்க, ஒன்று மட்டும் தோல் உரிந்து நின்றால், பெரும்பாலும் கொத்தனார் அதை நிமிர்த்தி வைத்துவிட்டார் என்று பொருள்.

சுவரின் கனம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். வெளியே சீராகச் செதுக்கிய கல், உள்ளே ஒழுங்கற்ற கல் என இரண்டு அடுக்குகள். நடுவில் சில்லுக்கற்களும் சுண்ணாம்புச் சாந்தும். இரண்டு அடுக்குகளும் விலகாமலிருக்க ஆங்காங்கே குறுக்கே ஓடும் நீளக்கற்கள். உட்புறத்தில் பூச்சை நேராகக் கல்மேல் பூசுவதில்லை. சுவரில் மரச்சட்டங்களை அறைந்து, அதன்மேல் மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக அடித்து, அதில்தான் பூச்சு. கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் காற்றிடைவெளி. சாரல் எவ்வளவு அடித்தாலும் 60 சென்டிமீட்டரைத் தாண்டி, இந்த இடைவெளியையும் தாண்டித்தான் அறைக்குள் வர வேண்டும். அதற்குள் மழை விட்டுவிடும். காற்று சுவரை உலர்த்தத் தொடங்கிவிடும். மண்பானையின் ஈரம் வெளிப்புறம் கசிந்து ஆவியாவதைப் போன்றதுதான் இதுவும்.

இங்கே சுண்ணாம்பின் பங்கு பெரிது. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டு நீற்றினால் அது கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு குழைத்துச் சுவரில் வைத்தபின், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கனமான சுவருக்குள் இது முடியப் பல ஆண்டுகள் ஆகும். கட்டடம் சற்று அமிழ்ந்து அசைந்தால் இந்தச் சாந்து வளைந்துகொடுக்கும். மயிரிழை விரிசல் விழுந்தால், உள்ளே இறங்கும் மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துப் போய் விரிசலிலேயே படியவைக்கும். விரிசல் தானே மூடிக்கொள்ளும்.

அதைவிட முக்கியமான குணம், சாந்து கல்லைவிட மென்மையாகவும் கல்லைவிட எளிதாக ஈரத்தை வெளிவிடுவதாகவும் இருப்பது. சுவருக்குள் புகுந்த நீர் கல் இடுக்குகளின் வழியாக வெளியேறும். போகும்போது கொண்டுவரும் உப்பும் அந்த இடுக்கிலேயே பூக்கும். காலப்போக்கில் அரிப்பது சாந்து; கல்லுக்குச் சேதமில்லை. சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இடுக்குகளைச் சுரண்டிப் புதிய சாந்து வைத்துவிட்டால் போதும். மலிவான சாந்தைப் பலிகொடுத்து விலையுயர்ந்த கல்லைக் காப்பாற்றும் ஏற்பாடு இது.

ஒற்றை ஆணிக் கூரை

கூரையிலும் இதே சிந்தனை. லோமண்ட் ஏரிக்கரையின் லஸ், மேற்குத் தீவான ஈஸ்டேல், வடக்கே பாலகூலிஷ் ஆகிய இடங்களிலிருந்து சிலேட்டுக் கல் வெட்டினார்கள். வேல்ஸ் நாட்டுச் சிலேட்டைப் போல இவை மெல்லியதாக, ஒரே அளவில் பிளக்காது. கனமாகவும் சொரசொரப்பாகவும் பல அளவுகளிலும் கிடைக்கும். கிடைத்ததை வீணாக்காமல், பெரிய கற்களைத் தாழ்வாரப் பக்கமும் சிறியவற்றை முகட்டுப் பக்கமும் என அளவு குறைந்துகொண்டே போகும் வரிசைகளாக அடுக்கினார்கள். மழைநீர் அதிகம் சேரும் கீழ்ப்பகுதியில் பெரிய கல் இருப்பதால் இணைப்புகளும் குறைவு.

இங்கிலாந்தில் கைமரங்களின் மேல் குறுக்குச் சட்டங்களை இடைவெளி விட்டு அடித்து, அதில் கல்லைப் பொருத்துவார்கள். ஸ்காட்லாந்தில் கைமரங்களின் மேல் பலகைகளை நெருக்கமாகப் பாவி, கல்லைப் பலகையிலேயே அறைவார்கள். புயல்காற்று கல்லைத் தூக்கப் பார்க்கும்போது, அடியிலிருக்கும் பலகைத் தளம் காற்றின் அழுத்தத்தை உடைக்கும். பலகைகளுக்கு இடையிலுள்ள சிறு சந்துகள், கூரைக்கு அடியில் சேரும் ஈரக்காற்றை வெளியே விடும்.

கல்லுக்கு உச்சியில் பெரும்பாலும் ஒரே ஆணிதான். சில வரிசைகளுக்கு ஒருமுறை மட்டும் பக்கவாட்டில் கூடுதல் ஆணி. ஒரு கல் உடைந்தால் கூரை வேலைக்காரர் மேலே இருக்கும் கற்களை அவற்றின் ஒற்றை ஆணியிலேயே கடிகார முள்போல இப்படியும் அப்படியும் திருப்பி ஒதுக்கி, உடைந்ததை உருவிவிட்டுப் புதியதை அடித்து, மற்றவற்றைப் பழையபடி திருப்பிவிடுவார். கூரையைப் பிரிக்க வேண்டியதே இல்லை. நூறாண்டு கழித்து ஆணிகள் துருப்பிடித்து இற்றுப்போகும்போதும் கற்கள் நன்றாகவே இருக்கும்; இறக்கி, அதே கற்களைப் புதிய ஆணியில் மறுபடி ஏற்றலாம். பாலகூலிஷ் சுரங்கம் 1955இல் மூடப்பட்டுவிட்டதால், இன்று பழைய கூரையிலிருந்து இறக்கிய கற்களுக்குத் தனிச் சந்தையே இருக்கிறது.

கூரைநீரைக் கொண்டுபோக வார்ப்பிரும்புக் கால்வாய்களும் குழாய்களும் பொருத்தினார்கள். இவ்வகை வார்ப்புகளுக்குக் கிளாஸ்கோவின் சாரசன் வார்ப்பாலை உலகப் புகழ் பெற்றிருந்தது. மைசூர் அரண்மனையின் கல்யாண மண்டபத்துத் தூண்களும் அந்த ஆலையில் வார்த்தவையே.

நெருப்பு என்னும் விசிறி

ஹெலன்ஸ்பரோ வடக்கு அட்சரேகை 56 டிகிரியில் இருக்கிறது. நடு டிசம்பரில் பகல் சுமார் ஏழு மணி நேரம்தான். ஆகவே வெளிச்சமும் கதகதப்பும் வீட்டின் இரண்டு பெரிய தேவைகள்.

அறைக்கு ஒரு கரியடுப்பு. ஒவ்வோர் அடுப்புக்கும் தனிப் புகைவழி. முகட்டில் வரிசையாக நிற்கும் மண்குழாய்களை எண்ணினால் உள்ளே எத்தனை அடுப்புகள் என்று சொல்லிவிடலாம். நெருப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும் என்பது உண்மை. ஆனால் சூடான காற்று புகைபோக்கியில் ஏறும்போது அறையின் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் சந்து, கதவு இடுக்கு, தரைப்பலகை இடைவெளி வழியே வெளிக்காற்று வரும். நிலத்துக்கும் மரத்தரைக்கும் நடுவே வெற்றிடம் விட்டு, வெளிச்சுவரின் அடியில் இரும்புச் சல்லடை வைத்திருப்பதும் காற்று ஓடத்தான். மூச்சிலும் சமையலிலும் துணி உலர்த்துவதிலும் உண்டாகும் நீராவி, சுவரில் தங்குவதற்கு முன்பே வெளியேறிவிடும். எரிந்த கரியின் சாம்பல்கூட வீணாகவில்லை. மாடித் தரையின் உத்தரங்களுக்கு நடுவே சாம்பலை நிரப்பினார்கள். மேல்தளத்துக் காலடிச் சத்தம் கீழே கேட்காது.

ஜன்னல் இன்னொரு நுட்பம். மேலும் கீழும் சறுக்கும் இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். பக்கவாட்டு நிலைக்குள் மரப்பெட்டி மறைந்திருக்கும். சட்டத்திலிருந்து கிளம்பும் கயிறு உச்சியிலுள்ள கப்பியில் ஏறி, பெட்டிக்குள் தொங்கும் இரும்புக் குண்டில் முடியும். இரண்டு பக்கக் குண்டுகளும் சேர்ந்து சட்டத்தின் எடைக்கு ஈடு. அதனால் எத்தனை கனமான ஜன்னலும் ஒரு விரலில் நகரும், விட்ட இடத்தில் நிற்கும். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் திறந்தால் சூடான காற்று மேல்வழியே போகும், குளிர்ந்த காற்று கீழ்வழியே வரும். பல ஆண்டுகளில் கயிறு தேய்ந்து அறும், மாற்றிக்கொள்ளலாம். இங்கேயும் முதலில் கெடுவது மலிவான பொருள்தான்.

1845இல் கண்ணாடி மீதான வரியும் 1851இல் ஜன்னல் வரியும் நீங்கியபின் பெரிய கண்ணாடிகள் மலிவாயின. சின்னச் சின்னக் கட்டங்களைச் சேர்த்துப் பிடித்த நடுச்சட்டங்கள் மறைந்தன. கனமான ஒற்றைக் கண்ணாடியைத் தாங்க, மேல்சட்டத்தின் பக்கக் கட்டைகளைக் கீழே சற்று நீட்டி, இணைப்பைப் பலப்படுத்தினார்கள். அந்தச் சின்னக் கொம்புகளைப் பார்த்தே ஜன்னல் 1840களுக்குப் பிந்தையது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உட்புறம் மடங்கும் மரக்கதவுகள் இருக்கும். ஸ்காட்லாந்தின் தொல்கட்டடப் பாதுகாப்பு அமைப்பு இந்த ஜன்னல்களைச் சோதனைக்கூடத்தில் வைத்து அளந்தபோது, மரக்கதவுகளைச் சாத்தினாலே கண்ணாடி வழியே போகும் வெப்பம் 51 சதவீதம் குறைந்தது. உட்புறம் இரண்டாவது கண்ணாடி வைத்தபோது 63 சதவீதம் குறைந்தது.

அடைபட்ட ஈரம்

20ஆம் நூற்றாண்டில் கரியடுப்புகள் போயின. புகைபோக்கிகளை அடைத்தார்கள், ஜன்னல் சந்துகளை மூடினார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான செயல். மொத்தத்தில் வீட்டை உலர்த்திக்கொண்டிருந்த விசிறி நின்றுபோனது.

அதைவிடப் பெரிய கேடு சிமெண்ட். ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் உரிமம் பெற்ற போர்ட்லேண்ட் சிமெண்ட் பலமானது, சீக்கிரம் இறுகுவது, நீரை எளிதில் விடாதது. அரித்துப்போன சுண்ணாம்புச் சாந்துக்குப் பதிலாகச் சிமெண்டை வைத்துப் பூசினால் நிரந்தரமாக வேலை முடிந்தது என்று நம்பினார்கள். சிமெண்டுக்கும் கல்லுக்கும் இடையே மயிரிழை விரிசல் விழும். அதில் மழை புகும். வெளியேற இடுக்கு வழி கிடையாது. ஆகவே கல்லின் முகப்பு வழியாகத்தான் ஆவியாக வேண்டும். நீர் போனபின் உப்பு முகப்புக்கு அடியில் படிகமாகி விரியும். நீரே உறைந்தாலும் 9 சதவீதம் பருக்கும். கல் பொரிந்து உதிரும். சில பத்தாண்டுகளில் கல் உள்வாங்கிப் போய், சிமெண்ட் மட்டும் வலைப்பின்னலாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பலிகொடுக்க வேண்டிய பொருளும் காக்க வேண்டிய பொருளும் இடம் மாறியதன் விளைவு இது. உள்ளே சிக்கிய ஓதம் உத்தரங்களின் முனையைத் தொட்டால், மரத்தைத் தின்னும் செர்புலா லாக்ரிமன்ஸ் என்ற பூஞ்சை கிளம்பும். அதன் இழைகள் சாந்தையும் கல்லையும் ஊடுருவி அடுத்த மரத்தைத் தேடிப் போகக்கூடியவை.

ஹெலன்ஸ்பரோவின் மேட்டில் இருக்கும் ஹில் ஹவுஸ் இந்தப் பாடத்தின் பெரிய உதாரணம். பதிப்பாளர் வால்டர் பிளாக்கிக்காகச் சார்ல்ஸ் ரென்னி மேக்கிண்டாஷ் 1902–1904இல் கட்டிய வீடு அது. விக்டோரியா மறைந்து ஓராண்டு கழிந்திருந்தது. கட்டடக் கலையும் புதிய காலத்தில் கால்வைத்திருந்தது. பழைய ஸ்காட்டிஷ் கோட்டைகளின் வெறுமையான, சாந்து பூசிய சுவர்கள் மேக்கிண்டாஷைக் கவர்ந்தன. கோட்டைகளில் இருந்தது சுண்ணாம்புப் பூச்சு; அவர் பயன்படுத்தியதோ அன்றைய புதுப்பொருளான போர்ட்லேண்ட் சிமெண்ட். வடிவம் சிற்பம்போலச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக, நீரைச் சுவரிலிருந்து தள்ளிச் சொட்டவிடும் விளிம்புக் கற்களையும் நீட்டல்களையும் பல இடங்களில் தவிர்த்தார். பூச்சில் விரிசல் விழுந்தது; மழை புகுந்தது; வெளியேற வழியில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சுவர்கள் ஊறின. உள்ளே இருக்கும் அவர் கைப்பட வடிவமைத்த சுவரோவியங்களுக்கும் ஆபத்து நெருங்கியது.

வீட்டைப் பராமரிக்கும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை, 2019இல் வீடு முழுவதையும் ஒரு பிரம்மாண்டமான எஃகுக் கூண்டுக்குள் வைத்தது. கார்மடி குரோர்க் நிறுவனம் வடிவமைத்த அந்தக் கூண்டுக்குக் கூரை உண்டு. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடிக்காத எஃகு வளையங்களைக் கோத்த வலை. மூன்று கோடிக்கும் மேற்பட்ட வளையங்கள். மழையில் பெரும்பகுதியை வலை தடுத்துக் கீழே வடிக்கும், காற்றைத் தடுக்காது. ஊறிய சுவர் மெதுவாக உலரலாம். பக்கத்து வீடுகளில் தாழ்வாரமும் விளிம்புக் கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து செய்த வேலையைத்தான் இங்கே அந்த வலை செய்கிறது.

இனி என்ன?

இந்த வீடுகளைச் சூடாக்கச் செலவு அதிகம் என்ற புகார் பொய்யல்ல. வெப்பம் வீணாகாமல் தடுக்க வேண்டும் என்ற நெருக்கடியும் கூடிக்கொண்டே வருகிறது. கனத்த கல்சுவர்களில் நேரடியாக அளந்து பார்த்தபோது, கணக்குக் காட்டியதைவிட வெப்ப இழப்பு குறைவாகவே இருந்தது என்பது ஆறுதல். மரநார்ப் பலகை போல ஈரத்தை வாங்கி விடும் பொருள்களால் உட்புறம் காப்பிடலாம். மேல்மச்சில் காப்பிடுவதில் இன்னும் சிக்கல் குறைவு. பிளாஸ்டிக் நுரையைச் சுவரில் அடைத்துவிட்டுக் காற்றோட்டத்தையும் மூடினால், சிமெண்ட் செய்த கேட்டையே வேறு பொருளால் மறுபடி செய்ததாகும்.

விற்பனை உலகம் இன்று கட்டடப் பொருளுக்குக் கொடுக்கும் பெரிய நற்சான்று ‘பராமரிப்பு தேவையில்லை’ என்பது. விக்டோரிய காலத்துக் கொத்தனார் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. சாந்து அரிக்கும், ஆணி துருப்பிடிக்கும், கயிறு அறும் என்று தெரிந்தே, அவற்றை எளிதாக மாற்றும்படி வைத்துவிட்டுப் போனார். பராமரிப்பு அவருடைய வடிவமைப்பில் ஒரு பாகம். அதை நிறுத்தினால் சுவரில் ஒரு கல்லைப் பிடுங்கியதற்குச் சமம்.

ஸ்காட்லாந்தின் குளிர்காலங்களில் மழை முன்பைவிடக் கூடுதலாகப் பெய்கிறது. 1870களின் மழையைக் கணக்கிட்டு வைத்த கூரைக் கால்வாய்கள் பல வீடுகளில் இப்போது நிரம்பி வழிகின்றன. நிரம்பி வழியும் நீர் ஒரே இடத்தில் சுவரை நனைத்துக்கொண்டே இருந்தால், எந்தச் சுண்ணாம்பாலும் உலர்த்தி முடியாது. ஆகவே அங்கே ஒரு கல்வீட்டுக்காரர் செய்யக்கூடிய உருப்படியான காரியங்கள் மூன்று: இலையுதிர்காலம் முடிந்ததும் கால்வாயைச் சுத்தம் செய்வது, முடிந்தால் அகலமான கால்வாய் போடுவது, சிமெண்ட் மூட்டையோடு வரும் கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சுண்ணாம்பு தெரிந்தவரைத் தேடுவது.